வேண்டாம் என்ற தோடு

அன்னா மணியைப் பற்றி எதைத் திறந்தாலும் முதலில் ஒரு ஜோடி வைரத்தோடு வந்து நிற்கிறது. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் தோடு தர இருந்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு அது வழக்கம். அவர் தோடு வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதிகள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பீர்மேட்டு மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு பொறியாளரின் வீட்டில், 1926இல். நல்ல கதைதான். நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பவர் முகம் மலர்வதைப் பார்த்து, என்னவோ நானே தோட்டைத் திருப்பிக் கொடுத்ததுபோலக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். தொந்தரவு அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. சரி, பிறகு அவர் என்ன செய்தார்? இணையக் கலைக்களஞ்சியத்தின் பக்கங்களில் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. வானிலைக் கருவிகள், சூரியக் கதிர்வீச்சு, ஓசோன், காற்றாற்றல் என்று வரிசையாக இருக்கிறது. தோட்டுக்கு ஒரு காட்சி கிடைத்திருக்கிறது. ஐம்பது ஆண்டு வேலைக்கு ஒரு பட்டியல் கிடைத்திருக்கிறது. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் வேலை செய்த பெண்களைப் பற்றிய பக்கங்கள் போதவில்லை என்ற குரல் சில ஆண்டுகளாகவே உலகெங்கும் கேட்கிறது. பலர் கூலி வாங்காமல், இரவு கண்விழித்து, அந்தக் குறையைத் தீர்க்க எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். பக்கங்கள் கூடுகின்றன. கூடக்கூட எனக்குள் ஒரு சங்கடமும் சேர்ந்து கூடுகிறது. அந்த முயற்சிமேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு புதிய பக்கத்தைப் படித்து முடிக்கும்போதும், அந்தப் பெண் வாசல்வரை வந்துவிட்டார், அவருடைய வேலை இன்னும் தெருவிலேயே நிற்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்த அன்னா மணிக்கு வந்து வாய்த்த வேலை வைரங்களையும் மாணிக்கக் கற்களையும் ஆராய்வது. காதில் போட மறுத்த கல்லை ஆண்டுக்கணக்கில் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டியதாயிற்று என்று எழுதினால் வாசகருக்குப் பிடிக்கும். நான் சொல்ல வருவது அதுவல்ல. முப்பதுக்கு மேற்பட்ட வைரங்கள். ஒவ்வொன்றும் ஒளியை எப்படி விழுங்கி எப்படி வெளிவிடுகிறது என்று பார்க்க வேண்டும். கல்லைத் திரவக் காற்றின் குளிரில் வைத்திருக்க வேண்டும். சில வைரங்கள் உமிழும் ஒளி மிக மங்கல். ஒளிப்படத் தகட்டில் ஒரு நிறமாலை பதியப் பதினைந்து மணி நேரம், இருபது மணி நேரம் ஆகும். இருட்டில் காத்திருந்து, சில இரவுகள் ஆய்வகத்திலேயே தூங்கி எழுந்து, 1942க்கும் 1945க்கும் இடையில் தனிப் பெயரில் ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார். அறிவியல் கழகம் அப்போது பட்டம் தருவதில்லை. ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பட்டம் பெறாத அந்த ஏடு அட்டை கட்டிய புத்தகமாக ராமன் ஆய்வுக் கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. பட்டம் மறுக்கப்பட்ட செய்தி எல்லாப் பக்கங்களிலும் வருகிறது, வரத்தான் வேண்டும். அந்த வைரங்களிடமிருந்து அவர் என்ன தெரிந்துகொண்டார் என்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மறுத்த தோடு, மறுக்கப்பட்ட பட்டம்: இரண்டு மறுப்புகளுக்கு நடுவே எரிந்த அந்த மங்கலான ஒளியைக் காணோம்.

பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரி. இயற்பியல் படிக்கப் போனவருக்குக் கிடைத்த உதவித்தொகை வானிலைக் கருவிகளுக்கானது. 1948இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். சாதாரண வெப்பமானியைக்கூட வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த காலம். ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைச் செம்மைப்படுத்தி, அவை இங்கேயே செய்யப்பட வழி பண்ணினார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவியை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் மிரட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கவிகைகள். அடியில் கறுப்புப் பூசிய ஒரு சிறு பரப்பு. வெயில் பட்டால் கறுப்புச் சூடாகும். அந்தச் சூட்டின் வேறுபாடு ஒரு நுண்ணிய மின்னழுத்தமாக மாறும். அவ்வளவுதான். ஆனால் கறுப்பு வெளிறும், கண்ணாடியில் தூசி படியும், கருவி சாய்ந்திருக்கும், ஒன்று காட்டுவதை இன்னொன்று காட்டாது. எல்லாவற்றையும் ஒரு தரக்கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தவறான அளவைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவருடைய உறுதி. 1957-58இன் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடெங்கும் கதிர்வீச்சு நிலையங்களை நிறுவினார். ஓசோனை அளக்கப் பலூனில் ஏற்றி அனுப்பும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கினார். காற்றைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் குமிழிகளாக விட்டு, அதில் பிறக்கும் மின்னோட்டத்தைக் கொண்டு ஓசோனைக் கணக்கிடும் கருவி அது. 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 1980இல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளுக்கான கையேடு வந்தது. அதன் பிறகு காற்று எங்கே எவ்வளவு வீசுகிறது என்று நூற்றுக்கணக்கான இடங்களில் அளக்கும் வேலை. நாகர்கோவில் போகும் பேருந்தின் சன்னல் வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றும் காற்றாடிகளைப் பார்த்து வாய்பிளக்கிற பிள்ளைக்கும், மொட்டைமாடியில் சூரியத் தகடு பதிக்க வருகிறவரிடம் மாதம் எத்தனை யூனிட் வரும் என்று பேரம் பேசுகிற பெரியவருக்கும், இந்த நாட்டில் வெயிலையும் காற்றையும் யாரோ உட்கார்ந்து அளந்தார்கள் என்பது தோன்றாது. தோன்றவேண்டிய கட்டாயமும் இல்லை. கலைக்களஞ்சியத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இதற்கு யாரோ செய்த சதி காரணம் என்று நினைத்துக்கொண்டால் மனம் சீக்கிரம் ஆறிவிடும். அப்படி இல்லை என்பதுதான் உறுத்துகிறது. விக்கிப்பீடியாவின் விதிகள் எளியவை. சொந்த ஆய்வு கூடாது. சொல்வதற்கெல்லாம் வேறெங்கோ வெளிவந்த சான்று வேண்டும். ஒருவருக்குத் தனிப் பக்கம் வேண்டுமானால், அவரைச் சாராத பிறர் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஆய்வாளர்களுக்கு மட்டும் சில மாற்று வாசல்கள் உண்டு: பெரிய விருது, கழகங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தகுதி, பேர்பெற்ற பேராசிரியர் இருக்கை, பலராலும் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு. இந்த விதிகள் இல்லையென்றால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டச் செயலாளர் முதல் தண்ணீரை எரிபொருளாக்கிக் காட்டுகிற விஞ்ஞானி வரை ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கொரு சால்வை போர்த்திய படம். நான் இந்த விதிகளின் பக்கம்தான் நிற்கிறேன். எழுதுகிறவரின் அன்புக்கோ கோபத்துக்கோ அங்கே இடமில்லை என்பது எவ்வளவு பெரிய நாகரிகம். ஆனால் விதி, தனக்கு முன்னால் உலகம் யாரைப் பற்றி எழுதியதோ அதை மட்டுமே பார்க்கிறது. அந்த உலகத்தில் நிருபர் யாரைத் தேடிப் போனார், ஆசிரியர் எந்தப் படத்தை முதல் பக்கத்தில் போட்டார், கழகம் யாரை உறுப்பினராக்கியது என்பதெல்லாம் விதிக்கு வெளியே, முன்பே நடந்து முடிந்தவை. பாரபட்சம் இல்லாத ஒரு விதி, பாரபட்சமாகச் சேர்ந்த ஒரு குவியலை, ஒரு மணிகூடச் சிந்தாமல் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

டோனா ஸ்ட்ரிக்லண்டின் கதையை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள்; நானும் சொல்லித்தான் ஆக வேண்டும், கொஞ்சம் வேறு காரணத்துக்காக. 2018 அக்டோபர் 2ஆம் தேதி இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் இல்லை. அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூருவுக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. பரிசுக்குக் காரணமான லேசர் துடிப்பு வேலையை இருவரும் சேர்ந்தே 1985இல் வெளியிட்டிருந்தார்கள். ஸ்ட்ரிக்லண்டுக்கும் யாரோ ஒருவர் 2018இலேயே, பரிசு அறிவிப்புக்கு முன்பே, ஒரு வரைவுப் பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். கொடுத்த சான்றுகள் போதவில்லை என்று திருப்பப்பட்டது. பரிசு அறிவித்த அன்று சில மணி நேரத்தில் பக்கம் வந்துவிட்டது. திருப்பியவரை உலகமே திட்டியது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த வரைவில் இருந்த சான்றுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் விதிப்படிதான் நடந்திருக்கிறார். ஸ்ட்ரிக்லண்ட் 2013இல் அமெரிக்க ஒளியியல் கழகத்தின் தலைவராக இருந்தவர். விதியின் மாற்று வாசல்களில் ஒன்று அவருக்குத் திறந்தே இருந்தது. ஆனால் அதையெல்லாம் எடுத்துச் சொல்லி, எழுதுகிறவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் வாதாட ஒரு ஆள் வேண்டும். மூருவுக்கு வாதாட ஆள் தேவைப்படவில்லை. இந்த வித்தியாசம் எந்த விதியிலும் எழுதப்படாதது. எந்த விதியைத் திருத்தியும் இதைச் சரிசெய்ய முடியுமா என்று தெரியவில்லை. இன்னொரு பக்கம், அன்று மாலை வந்த பக்கங்களும் செய்திகளும் எதை முதலில் சொல்லின? மேரி கியூரி, மரியா கோப்பெர்ட் மேயர், அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து மூன்றாவது பெண். லேசர் துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, பிறகு இறுக்குவது என்ற அந்த அபாரமான யோசனைக்கு முறை அதற்குப் பிறகுதான் வந்தது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகுகிறது. இங்கே ஒரு பெண் முப்பது ஆண்டு மண்ணியலோ நுண்ணுயிரியலோ செய்து ஓய்வு பெற்றால், அவரைப் பற்றி அச்சில் என்ன இருக்கும்? கல்லூரியின் வெள்ளி விழா மலரில் அரைப் பக்கம். அதையும் கல்லூரியே போட்டது என்பதால் சாராத சான்றாகாது. பெண்கள் இதழ் ஒன்றில் பேட்டி வந்திருக்கலாம். அதில் காலையில் எத்தனை மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு ஆய்வகத்துக்குக் கிளம்புவார் என்று இருக்கும். இறந்தபின் நாளிதழில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம். குடும்பம் காசு கொடுத்துப் போட்டது, மகன்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதுவரை சொல்வது, செய்த வேலையைச் சொல்லாதது. முதலெழுத்தின் தொல்லை தனி. மணமாகும்வரை தகப்பனார் பெயரின் முதலெழுத்து, அப்புறம் கணவர் பெயரின் முதலெழுத்து. நூலகப் பட்டியலில் ஒரே பெண் இரண்டு ஆசிரியராகிவிடுகிறார், இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வேலை. பழைய தமிழ் அறிவியல் இதழ்களில் பெண்கள் எழுதியிருக்கிறார்கள். கோவையிலிருந்து வந்த கலைக்கதிர் போன்ற ஓர் இதழின் பழைய தொகுப்பைப் புரட்டினால் மஞ்சளான தாளின் புளித்த வாசனையோடு அந்தப் பெயர்கள் எழுந்து வரும். ஆனால் எழுதியவர் யார், எங்கே வேலை பார்த்தார் என்று கட்டுரைக்கு அடியில் ஒரு வரிகூட இருக்காது. அக்காலத்து அடக்கம் அது. அந்த அடக்கத்துக்கு இன்று விலை கொடுக்கிறோம்.

இதன் நேரெதிர் நிலைதான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. ராமனின் ஆய்வகத்தில் அதே ஆண்டுகளில் சுனந்தா பாய் என்று ஒருவர் இருந்தார். ஒளிச்சிதறலைப் பற்றித் தனிப் பெயரில் கட்டுரைக்குமேல் கட்டுரையாக இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வெளியிட்டவர். அவருக்கும் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. இளம் வயதிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைப் பற்றித் தோட்டுக் கதை எதுவும் இல்லை. அவர் எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன, இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அன்னா மணிக்குக் கதை நிறைய, வேலை மறைவில். சுனந்தா பாய்க்கு வேலை வெட்டவெளியில், கதை இல்லை. கலைக்களஞ்சியத்தின் விதி முன்னவரை ஏற்றுக்கொள்கிறது, பின்னவரைப் பார்த்துத் தயங்குகிறது. ஒருவர் தாமே எழுதியது அவர் குறிப்பிடத்தக்கவர் என்பதற்குச் சான்றாகாது. யோசித்துப் பார்த்தால் இதிலும் நியாயம் இருக்கிறது. ஆய்விதழில் கட்டுரை எழுதியவர்களுக்கெல்லாம் பக்கம் என்றால் பூமி கொள்ளாது. ஆனாலும் நடு இரவில் அந்தப் பழைய இதழின் பக்கங்களைத் திரையில் ஓட்டும்போது, வரைபடத்தின் வளைவுகளையும் அட்டவணையின் எண்களையும் பார்க்கும்போது, இதைவிட உறுதியாக ஒரு மனுஷி இந்த உலகத்தில் தான் இருந்ததற்கு வேறென்ன சான்று காட்ட முடியும் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரு சந்தேகத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். இது பெண் என்பதால் வந்த வினையா, செய்த வேலையின் வகையால் வந்த வினையா? கருவி செய்வது, அளவு பார்த்துத் திருத்துவது, தரவு சேர்ப்பது, தனிமத்தைத் தூய்மைப்படுத்துவது போன்றவற்றுக்கு அறிவியலின் கதைசொல்லலில் எப்போதும் பின்கட்டுதான். 1953 வாக்கில் அன்னா மணியின் கீழ் 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள். கடைசல் இயந்திரத்தின் முன் நின்ற, கண்ணாடிக் கவிகையை ஊதிய, கறுப்புப் பூசிய அந்த ஆண்களில் யாருக்கும் பக்கம் கிடையாது. அவர்களைக் காணவில்லை என்று ஓர் இயக்கமும் கிடையாது. கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் என்ற வேதியியலாளரின் கதை இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பெர்க்கேலியத்தைத் தூய்மைப்படுத்திய குழுவில் இருந்தவர். 117ஆம் தனிமமான டென்னசின் அந்தப் பெர்க்கேலியத்தைக் கொண்டுதான் உருவாக்கப்பட்டது. கறுப்பினப் பெண். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் இயற்பியலாளர் ஜெஸ் வேட் பெண் அறிவியலாளர்களுக்குப் பக்கங்கள் எழுதிக் குவிப்பவர். ஃபெல்ப்ஸின் பக்கமும் அவர் தொடங்கியது. 2019இல் நீண்ட விவாதத்துக்குப் பின் நீக்கப்பட்டது. பெரிய குழுவில் ஒருவர்தானே, தனித்துச் சொல்ல என்ன இருக்கிறது என்பது நீக்கியவர்களின் வாதம். 2020இல் பக்கம் மீண்டும் வந்தது. நீக்கச் சொன்னவர்களின் வாதத்தைப் படித்தபோது அதில் பாதி எனக்குச் சரியாகவே பட்டது. மீதிப் பாதி வேறொரு கேள்வியாக மாறியது: தனித்துச் சொல்லும்படி ஒருவர் செய்தால்தான் அறிவியல் என்ற படத்தை நமக்கு யார் வரைந்து கொடுத்தார்கள்? பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று தொடங்கிய கை, இந்தப் படத்தையே கொஞ்சம் அசைத்துவிடக்கூடும். அது நடந்தால் அந்த 121 பேருக்கும் நல்லது.

அன்னா மணியிடமே இந்தப் பேச்சை எடுத்தவர்கள் உண்டு. தான் பெண் என்பது தன் வாழ்க்கைத் தேர்வுகளை எந்த வகையிலும் தீர்மானிக்கவில்லை என்றும், பெண்ணும் அறிவியலும் என்று எதற்கு இத்தனை ஆரவாரம் என்றும் அவர் சலித்துக்கொண்டிருக்கிறார். அதே உரையாடலில், ஆய்வகத்தில் ஆண்களோடு சகஜமாகப் பேசிப் பழக ராமன் விட்டதில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பாததைத்தான் நாம் அவர் பக்கத்தின் முதல் வரியாக்கி வைத்திருக்கிறோம். 2013இல் இவான் பிரில் என்ற ராக்கெட் பொறியாளர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸின் அஞ்சலிக் குறிப்பு அவருடைய சமையல் கைப்பக்குவத்தில் தொடங்கியது. செயற்கைக்கோள்களைத் தடம் மாறாமல் வைத்திருக்கும் உந்துபொறியை வடிவமைத்தவர். எதிர்ப்பு வந்ததும் சமையலை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆன் ஃபின்க்பைனர் என்ற அறிவியல் எழுத்தாளர், ஒரு பெண் வானியலாளரைப் பற்றி எழுதும்போது அவர் பெண் என்பதையே குறிப்பிடப் போவதில்லை என்று அறிவித்தார். கணவர் வேலை, குழந்தை வளர்ப்பு, ‘முதல் பெண்’ இவையெல்லாம் வராத கட்டுரைக்கு அவர் பெயரிலேயே ஒரு சோதனை பிறந்தது. அந்தச் சோதனையில் நம் ஊர்ப் பொறியாளர் ஏ. லலிதாவின் பக்கம் ஒரு வரிகூடத் தேறாது. பதினெட்டு வயதில் விதவை, மடியில் நான்கு மாதக் குழந்தை, அப்பா பேராசிரியராக இருந்த கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல், அச்சடித்த சான்றிதழில் ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் எழுதியது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் 1940களின் சென்னையையே எடுத்துவிட்ட மாதிரி ஆகும். எடுக்க மாட்டேன். ஆனால் கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் அவர் ஆண்டுக்கணக்கில் மின்கடத்திக் கம்பித் தடங்களையும் துணைமின் நிலைய அமைப்புகளையும் வரைந்தார், பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்காக வேலை செய்தார் என்பது அந்தச் சான்றிதழின் அடித்தல் திருத்தலுக்கு ஈடான இடத்தையாவது பெறவேண்டாமா?

ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கைக் குறிப்புகளில் பெண்களுடையது 2014 வாக்கில் நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டி இருந்தது. 2015இல் தொடங்கிய ‘சிவப்பில் இருக்கும் பெண்கள்’ போன்ற திட்டங்களின் உழைப்பால் இப்போது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. பக்கம் இல்லாத பெயர்கள் சிவப்பு இணைப்பாகத் தெரிவதால் வந்த பெயர் அது. இந்த எண்ணிக்கையைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. எமிலி டெம்பிள்-வுட் என்ற இளம்பெண் தனக்கு வரும் ஒவ்வோர் ஆபாச மின்னஞ்சலுக்கும் ஒரு பெண் அறிவியலாளரின் பக்கத்தை எழுதுவதாக வைத்துக்கொண்டார். இந்த மாதிரியான பிடிவாதத்தில் எழுந்த எண்ணிக்கை அது. ஆனால் நல்ல பக்கங்களை வரிசையாக எடுத்து, அடியில் உள்ள சான்றுகளைப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு தனி ஆள் உட்கார்ந்திருக்கிறார். அன்னா மணியைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி, அறிவியல் வரலாற்றாளர் அபா சூர் அவரை நேரில் கண்டு பேசி எழுதியதிலிருந்து வந்தது. வைரங்களும், இருபது மணி நேரத் தகடுகளும், சுனந்தா பாயும் எல்லாம் அவர் தேடிக் கொடுத்தவை. தாவரவியலாளர் ஜானகி அம்மாளுக்கு சாவித்திரி பிரீதா நாயர் கண்டம் கண்டமாகக் கடிதங்களைத் தேடி ஒரு பெரிய வாழ்க்கை வரலாறு எழுத வேண்டியிருந்தது. லலிதாவை மீட்டவர்களில் கிண்டியிலேயே படித்த இன்னொரு பொறியாளர், சாந்தா மோகன், உண்டு. விசைப்பலகையின் முன் உட்காரும் ஆயிரம் பேருக்கு முன்னால், உயிரோடு இருக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து, நீங்கள் என்ன செய்தீர்கள், அது எப்படி வேலை செய்யும் என்று கேட்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்க நமக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வேலையைக் கலைக்களஞ்சியம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அது சிறுபத்திரிகை செய்யக்கூடிய வேலை. எங்கள் தலைமுறையின் இதழ்கள் கவிஞர்களிடம் எடுத்த நீண்ட நேர்காணல்களை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். அதில் ஓர் ஆய்வகத்துக்காரியிடம் எடுத்தது எத்தனை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கையில் வேறொரு வழி கண்ணில் படுகிறது. அது சரியா என்று இன்னும் நிச்சயமில்லை. வாழ்க்கைக் குறிப்பு ஒன்றைத்தான் நாம் நினைக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீட்டுப்பாடத்துக்காகத் திறப்பது ஆட்களின் பக்கத்தையா? ஓசோன், சூரிய ஆற்றல், கரும்பு, அணைக்கட்டு என்று பொருள்களின் பக்கத்தைத்தான். அங்கே பெயர்கள் வரவேண்டிய இடத்தில் வந்தால், ‘முதல் பெண்’ என்ற கொடி இல்லாமலே ஒருவர் தம் வேலையோடு நிற்பார். ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இருந்தார். கரும்பை மக்காச்சோளம் உள்ளிட்ட வேறு புல்லினங்களோடு இனக்கலப்புச் செய்து பார்த்து, பிறந்த கலப்புகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருந்தார். 1945இல் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்புக்கு முன்னோட்டம் அந்த எண்ணிக்கைதான். கரும்பு பற்றிய பக்கத்தில் இதை இரண்டு வரியாகச் சேர்த்தால், ஒரு தாவரத்தின் பக்கத்தில் ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று பேச்சுப் பக்கத்தில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான்; அளவு மீறினால் நானே வெட்டுவேன். ஆனால் இங்கே விதி ஒரு விசித்திரமான திருப்பம் எடுக்கிறது. ஜானகி அம்மாள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் அவர் குறிப்பிடத்தக்கவர் என்று நிறுவச் செல்லாது. கரும்பின் குரோமோசோம்களைப் பற்றி ஒரு வரி எழுத அவை செல்லும். பின்னால் வந்த மதிப்புரைகள் கூட இருந்தால் இன்னும் நல்லது. சுனந்தா பாயின் அட்டவணைகளும் அப்படியே ஒளிச்சிதறல் பக்கத்துக்குள் போகலாம். பெயர் அடிக்குறிப்பில் இருக்கும், முதலெழுத்தோடு. பெண் என்பதுகூட யாருக்கும் தெரியாமல் போகும். அது இழப்பா லாபமா என்று இருபக்கமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.